மடியிலிருந்த தேசிக்காய்

வினாயகமூர்த்தி வாத்தியாருக்கு வாய்தான் மூலதனம். அவர் பேசத் தொடங்கினால், வயல் வட்டைக்குப் போகிறவன் மண்வெட்டியைத் தோளில் வைத்தபடியே நின்று கேட்பான். வாவிக்கு மேற்கே மருதந்துறை என்ற சிற்றூரில், ஓலைக் கூரையும் அரைச் சுவருமாய் நின்ற பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் பெரிய வாத்தியார், சின்ன வாத்தியார், மணியடிக்கிறவர் எல்லாம். ஊருக்கு வரும் கடிதத்தை வாசிப்பதும் அவர், காணி வழக்குக்கு மனு எழுதுவதும் அவர், புருசன் பெண்சாதி சண்டைக்கு நியாயம் சொல்வதும் அவர். 'வாத்தியார் சொன்னார்' என்றால் அங்கே மறுபேச்சு கிடையாது. இது அவருக்கும் தெரியும். தெரிந்து, தலை கொஞ்சம் கனத்தும் போயிருந்தது. சும்மா சொல்லக்கூடாது, கனக்கத்தான் செய்யும். நாற்பது வீட்டுக்காரர் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்கும் கனக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் ஆண்டு சித்திரையில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கச்சி முகம்மது தோணியால் இறங்கி அவரைத் தேடி வந்தார். காத்தான்குடிக்காரர், ஊர் வாய்க்குக் 'காக்கா', அதாவது அண்ணன். அம்மைப்பால் குத்துகிற அரசாங்க உத்தியோகம். தகரப் பெட்டி ஒன்று, ஸ்பிரிட் விளக்கு ஒன்று, தேய்ந்த செருப்பு ஒரு சோடி, இவ்வளவுதான் மனிதனுடைய உத்தியோகச் சாமான். இரண்டு வருடமாக அந்தப் பக்கத்து ஊர்களில் வீடு வீடாய் நடந்து பார்த்திருந்தார். ஒழுங்கை முனையில் அவர் தலை தெரிந்ததும் தாய்மார் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஆற்றங்கரைக் கண்ணாப் பற்றைக்குள் இறங்கிவிடுவார்கள். போன முறை மருதந்துறையில் ஒரு பிள்ளையைக்கூட அவர் காணவில்லை. ஒரு நாய்தான் அவரை வரவேற்றது. அதுவும் ஒரு செருப்பைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

"வாத்தியார், ஊட்டுக்குப் போனா ஓடுறாங்க. பள்ளிக்கூடத்துக்கு வந்தா ஓட மாட்டாங்கதானே?" என்றார் கச்சி முகம்மது. "நீங்க பேர் கூப்பிடுற இடாப்பில எல்லாப் பேரும் இருக்கு. புள்ளைகள் வரிசையா இருக்கும். நீங்க ஒரு சொல்லுச் சொன்னாப் போதும். தெற்கால பெரியம்மை கிளம்பியிருக்கு எண்டு கேள்வி. இஞ்ச வந்து சேர்ந்தா நாற்பது ஊட்டிலயும் ஒப்பாரிதான்."

"நீங்க கவலப்படாதீங்க, காக்கா. நான் பேசுறன்," என்றார் வாத்தியார்.

பேசினார். ஆனால் இந்தப் பேச்சு லேசில் எடுபடவில்லை. அந்த ஊரில் அம்மை என்றால் நோயில்லை, கண்ணகை அம்மன் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்றுதான் அர்த்தம். வந்தவளை வேப்பிலை வைத்துக் குளிரப்பண்ணி வழியனுப்புவார்கள். அவள் வருமுன்பே கத்தியைக் காட்டி வாசலை மறிப்பது மரியாதையா? அதிலும் வைகாசிச் சடங்குக்குக் கோயில் கதவு திறந்துவிட்டால், அம்மனைக் குளிரப்பண்ணும் குளிர்த்திப் பூசை முடியும்வரை உடம்பில் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்பது ஊர்க்கட்டு. வாத்தியார் கோயிலில் பூசை பார்க்கும் கட்டாடியாரிடம் மூன்று நாள் போய் இருந்தார். கடைசியில் ஒரு உடன்படிக்கை வந்தது. குளிர்த்தி முடியட்டும், ஆனியில் குத்தட்டும், அம்மன் பொறுப்பாள்.

கட்டாடியார் பொறுத்தாலும் தாய்மார் பொறுக்க வேண்டுமே! குளிர்த்தி முடிந்து, ஊரே கோயில் வெளியில் கூடி நின்றபோது வாத்தியார் ஒரு மணற்கும்பியில் ஏறி நின்றார்.

"முதல் குத்து ஆருக்குத் தெரியுமா? என்ட புள்ளைக்கு! என்ட கண்ணகைக்கு!" என்றார்.

கூட்டம் வாயடைத்துப் போனது. ஏனென்றால் கண்ணகை சாதாரணமாகப் பிறந்த பிள்ளை அல்ல. கலியாணம் முடித்து ஏழு வருடம் வயிறு திறக்காமல், வாத்தியாரும் பெண்சாதி அன்னப்பூரணியும் அதே கோயிலில் நேர்த்தி வைத்து, அம்மன் பேரையே வைப்போம் என்று சொல்லிப் பெற்ற ஒற்றைப் பிள்ளை. அவளுக்கே குத்துகிறார் என்றால் பிறகென்ன? 'வாத்தியார்ட புள்ளைக்கு வராதது எங்கட புள்ளைக்கா வரப்போகுது?' என்று சொல்லிக்கொண்டு தாய்மார் கலைந்தார்கள். வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வீட்டுக்குள் நுழையும்போது அன்னப்பூரணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அம்மன்ட்டக் கேட்டு வாங்கின புள்ளையெல்லோ?"

"படிச்சவன்ட பெண்சாதி பேசுற பேச்சா இது?" என்று பாய்ந்தார். அவள் அதற்குமேல் பேசவில்லை. பேசியிருந்தால் அவரும் வாதாடி வென்று நிம்மதியாய் இருந்திருப்பார். அவள் கேட்ட கேள்வி மட்டும் அவருக்குள் கிடந்து அரித்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பசுவின் அம்மைப்பால் எப்படி மனிதரைக் காக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கிய அந்த மனிதனுக்கு, உள்ளே ஊரிலுள்ள எவரையும்விடப் பயம் அதிகம். கேட்டுக் கொடுத்தவள் கோபித்துக்கொண்டால் திரும்ப எடுத்துவிடுவாளே என்ற பயம். அதை வெளியே சொல்லவும் வெட்கம். குத்துகிற நாள் காலையில் வளவுத் தேசி மரத்தில் எலுமிச்சங்காய் ஒன்றைப் பறித்து, இரண்டாக வெட்டி, ஒரு பாதியை வேட்டி மடியில் செருகிக்கொண்டார். வாயில் விஞ்ஞானம், மடியில் தேசிக்காய். இப்படித்தான் பெரிய வாத்தியார் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போனார்.

கச்சி முகம்மது அம்மைப்பால் அடைத்த மெல்லிய கண்ணாடிக் குழல்களை ஈரத்துணியில் சுற்றி, ஒரு மண்முட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். வாங்குப் பலகையில் உட்கார்ந்து, விளக்கைக் கொளுத்தி, ஊசியைச் சுட்டு ஆறவிட்டார்.

"எல்லாரும் கேளுங்க," என்றார். "குத்தினாப் பிறகு பால் காயுமட்டும் கைய இப்பிடியே வச்சிருக்கணும். துடைக்கப்படா, கழுவப்படா. எட்டாம் நாள் நான் வந்து பாப்பன். கொப்புளம் எழும்பியிருந்தாப் பால் பிடிச்சிருக்கு எண்டு அர்த்தம்."

முதலில் கண்ணகை வந்தாள். ஆறு வயது. இரண்டு கீறல். பிள்ளை முகத்தைச் சுளித்தாளே தவிர அழவில்லை. "கெட்டிக்காரி!" என்றார் கச்சி முகம்மது. தாய்மார் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். வரிசை நகரத் தொடங்கியது.

"தண்ணி குடிக்கக் கேட்கிறாள்," என்று சொல்லி வாத்தியார் மகளைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். அங்கே மடியிலிருந்த தேசிக்காய்ப் பாதியை எடுத்து, அந்த இரண்டு கீறலின்மேலும் பிழிந்து, புளியில் பால் சாகட்டும் என்று அழுத்தித் தேய்த்தார். அப்போதுதான் பிள்ளை கத்தினாள்.

"எரியுதப்பா!"

"உஸ்! கத்தாத. இப்ப சரியாயிரும்."

பிறகு தண்ணீர் அள்ளிக் கழுவினார். தேசிக்காயைப் பற்றைக்குள் எறிந்தார். திரும்பி வந்து, வரிசையில் அழுத ஒரு பொடியனைப் பார்த்து, "ஆம்பிளைப் புள்ளை அழுறதா?" என்று பகிடி வேறு விட்டார்.

கிணற்றடி வேலிக்கு அப்பால் சின்னத்தங்கம் தன் மகள் இலட்சுமிப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவருக்குத் தெரியாது. பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்க வந்தவள் எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் கள்ளத்தனம் எதையும் காணவில்லை. வாத்தியார் செய்கிற காரியத்தில் அப்படி ஒன்று இருக்குமென்று நினைக்க அவளுக்குத் தெரியாது. குத்தினால் இப்படித்தான் தேசிக்காய் பூசிக் கழுவ வேண்டுமாக்கும், காக்கா சொல்ல மறந்துவிட்டார், வாத்தியாருக்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் விளங்கிக்கொண்டாள். நல்ல மனம் அவளுக்கு. தான் மட்டும் தெரிந்து வைத்திருக்கப் பொறுக்குமா? வாசலில் நின்ற எல்லாத் தாய்மாருக்கும் சொன்னாள். பள்ளிக்கூடத்துக்கும் வீடுகளுக்கும் கூப்பிடு தூரம். பால் காயுமுன்பே பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மதியத்துக்குள் மருதந்துறையில் ஒரு தேசி மரத்திலும் காய் இல்லை.

எட்டாம் நாள் கச்சி முகம்மது வந்தார். ஒவ்வொரு கையாய்ப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பத்தொரு பிள்ளைகள். கீறல் ஆறிப் போயிருந்தது, கொப்புளம் இல்லை. வலைகாரர் ஒருவரின் பிள்ளைகள் மூன்றுக்கு மட்டும் அழகாய் எழும்பியிருந்தது. அவர்கள் வளவில் தேசி மரம் இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மனிதன் வாங்கில் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

வாத்தியாருக்கும் திகைப்புத்தான். தன் பிள்ளையின் கை வெறுமையாய் இருப்பது சரி. மற்றவர்களுக்கு என்ன வந்தது? அந்த நேரம் சின்னத்தங்கம் பக்கத்தில் வந்து, பெருமை தாங்காமல் மெல்லச் சொன்னாள்.

"வாத்தியார், நீங்க பூசினமாதிரியே நாங்களும் எல்லாப் புள்ளைகளுக்கும் தேசிக்காய் பூசிப்போட்டம். பாத்தீங்களா, ஒரு புள்ளைக்கும் புண் வரல்ல!"

நிலம் பிளந்து உள்ளே போகலாம் என்றால் வாத்தியார் அப்போதே போயிருப்பார். "ம்..." என்றார். அவ்வளவு பெரிய வாய்க்கு அன்றைக்கு வந்தது அந்த ஒரு எழுத்துத்தான்.

கச்சி முகம்மது தலையைக் கையில் தாங்கிக்கொண்டு பேசினார். "நான்தான் கெடுத்துப்போட்டன், வாத்தியார். முந்தின நாள் டவுணிலருந்து பாலக் கொண்டு வாற வழியில பகல் லுஹர் தொழ ஊட்ட நிண்டன். முட்டிய நிழல்லதான் வச்சன். தொழுதுபோட்டு வந்து பாத்தா வெயில் திரும்பிக் கிடந்திச்சு. கொஞ்ச நேரந்தானே எண்டு நினைச்சன். மூணு குழல் தப்பியிருக்கு, மத்ததெல்லாம் சூட்டில செத்துப்போச்சு."

வாத்தியார் வேட்டி மடியை இறுக்கிச் செருகினார்.

"போன வருசம் ஒரு தரம் எனக்கு எச்சரிக்கை தந்திருக்காங்க. எண்டாலும் மறைக்கப்படா. புள்ளைகள்ற காரியம். டாக்குத்தருக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்க. என்ட கையால கெட்டது எண்டு எழுதுங்க. உங்கட கையெழுத்து நல்ல கையெழுத்து."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்தால் மட்டும் போதுமா? வாயைத் திறக்க வேண்டாமா? முற்றத்தில் ஊர் நிற்கிறது. மணற்கும்பியில் ஏறிச் சொன்ன சொல் நிற்கிறது. வாத்தியார் மைக்கூட்டை எடுத்தார், பேனையைத் தொட்டார், எழுதினார். 'எனது கவனக்குறைவினால்' என்று, அடுத்தவனுடைய பெயரில், முத்து முத்தாக எழுதினார். கச்சி முகம்மது அதை வாங்கிக் கீழே ஒப்பம் வைத்து, "அல்லாஹ் உங்களுக்குக் கிருபை செய்வான்," என்று சொல்லிவிட்டுத் தோணிக்கு நடந்தார். அந்த ஆசீர்வாதத்தை வாத்தியார் எப்படித்தான் காதில் வாங்கினாரோ!

ஐந்து நாள் போனது. பள்ளிக்கூடம் நடந்தது. வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார், மனு எழுதிக்கொடுத்தார், சோறு தின்றார். ஐந்தாம் நாள் காலையில் சின்னத்தங்கம் ஆள் அனுப்பினாள். போய்ப் பார்த்தால் வாசலில் வேப்பிலை கட்டிக் கிடந்தது. குத்தின மறுநாள் களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குத் தகப்பனோடு போய் வந்த இலட்சுமிப்பிள்ளைக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்து, முகத்திலும் கையிலும் முத்து எழும்பியிருந்தது. பெரியம்மை. ஏழு வயதுப் பிள்ளை, பாயில் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தாள்.

சின்னத்தங்கம் வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு சுளகு நிறையத் தேசிக்காய்.

"பக்கத்து ஊரில போய் வாங்கி வந்தம், வாத்தியார். மேலெல்லாம் பூசட்டா? கையில மட்டும் பூசினது போதாமப் போச்சோ?"

வாத்தியார் திரும்பி நடந்தார். நடந்தாரா, ஓடினாரா என்று அவருக்கே தெரியாது. தோணித் துறையில் வந்துதான் நின்றார்.

காத்தான்குடியில் கச்சி முகம்மதின் வீட்டைக் கண்டுபிடித்தபோது பின்னேர அசர் தொழுகை முடிந்திருந்தது. அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். மனிதன் தம்பியின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தார். "வாங்க வாங்க, வாத்தியார்!" என்று எழுந்து பாயை விரித்தார். உள்ளே திரும்பி, "நபீஸா, தேத்தண்ணி ஊத்து," என்று பெண்சாதிக்குக் குரல் கொடுத்தார். வாத்தியார் பாயில் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மடியிலிருந்த பாதி, கிணற்றடி, சின்னத்தங்கம், இலட்சுமிப்பிள்ளை.

கச்சி முகம்மது நூல் சுற்றுவதை நிறுத்தினார். குரலை உயர்த்தாமலே சொன்னார்.

"அஞ்சு நாளா நான் தொழுற பாயில நிக்கக்குள்ளயெல்லாம் என்ட தொழுகைய நினைச்சு வெக்கப்பட்டன், வாத்தியார். தொழ நிண்டதாலதானே புள்ளைகள்ற பால் கெட்டது எண்டு. என்ட ரப்புக்கு முன்னால நிக்க எனக்குக் கூசிச்சு. அது தெரிஞ்சும் அந்தக் கடிதத்த எழுதினது நீங்க!"

வாத்தியார் அழுதார். வயது முப்பத்தெட்டு, ஊருக்கு நியாயம் சொல்கிறவர், அடுத்தவன் வீட்டு முற்றத்தில் தோள் குலுங்க அழுதார்.

"அழுது என்ன செய்யிற?" என்றார் கச்சி முகம்மது. "தேத்தண்ணியக் குடிங்க. ஊட்டுக்கு வந்த மனுசன் நீங்க. குடிச்சுப்போட்டு இன்னொரு கடிதம் எழுதுங்க. அதே கையெழுத்தில. பிறகு வாங்க, ரெண்டு பேரும் டாக்குத்தர்ட்டப் போவம். மத்தப் புள்ளைகளையாவது காப்பாத்தணும்."

டாக்குத்தர் கச்சி முகம்மதுக்கு வேலையைத் திரும்பக் கொடுக்க, மூன்றாம் நாள் புதுப் பாலோடு இருவரும் மருதந்துறையில் இறங்கினார்கள். ஊர் பள்ளிக்கூட முற்றத்தில் கூடியது. வாத்தியார் எந்த மேட்டிலும் ஏறவில்லை. பேச்சில் புலியான மனிதன் நாலு வசனத்தில் முடித்தார். பயந்துபோனேன். என் பிள்ளைக்குக் குத்தின பாலை நானே தேசிக்காய் போட்டு அழித்தேன். காக்காவில் பிழையில்லை. தேசிக்காய் மருந்தில்லை.

யாரும் ஏசவில்லை. கட்டாடியார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து யாரோ, "ஊருக்குத்தான் உபதேசம்," என்று முணுமுணுத்தது கேட்டது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாதிப்பேர் வீட்டுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். அப்போது ஒரு தாய் சத்தமாய்ச் சொன்னாள்.

"நில்லுங்ககா! இனி வாத்தியார்ட சொல்லு நமக்கு வேணாம். கையக் காட்டட்டும். அவர்ட கையும் புள்ளைட கையும் காயுமட்டும் நாம இருந்து பாப்பம். பிறகு நம்மட புள்ளைகளக் குடுப்பம்."

வாத்தியார் சட்டையைக் கழற்றி வாங்கில் உட்கார்ந்தார். கச்சி முகம்மது குத்தினார். "கைய உயத்துங்க, வாத்தியார். எல்லாருக்கும் தெரியட்டும்," என்றார். பக்கத்தில் கண்ணகையும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பால் காயும்வரை நாற்பது தாய்மாரின் கண் அந்த இரண்டு கையிலும் இருந்தது. காய்ந்தது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் முதல் பிள்ளை முன்னே வந்தது. இந்த முறை எல்லாக் கையிலும் பால் பிடித்தது. அம்மை அந்த ஒரு வீட்டோடு நின்றது.

அந்த வீட்டில் இலட்சுமிப்பிள்ளை பிழைத்தாள். முகமெல்லாம் குழி, இடது கண் போய்விட்டது. அம்மை இறங்கித் தண்ணீர் வார்த்த பிறகு வாத்தியார் போய்ச் சின்னத்தங்கத்தின் முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். அவள் விளக்குமாற்றை எடுத்து நாலு போடு போட்டிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாய் இருந்திருக்கும். அவள் போடவில்லை.

"உங்களப் பாத்துத்தானே செய்தன், வாத்தியார்," என்றாள். "வேற ஆரையும் பாத்திருந்தாச் செய்திருக்க மாட்டன்."

அதற்குப் பிறகு வாத்தியார் பதினெட்டு வருடம் அதே ஊரில் படிப்பித்தார். இடமாற்றம் கேட்டு மூன்று தரம் மனு எழுதி, மூன்றையும் கிழித்துப் போட்டார். பேச்சு குறைந்துவிட்டது. நியாயம் கேட்டு வருகிறவர்களிடம், "நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க," என்று அனுப்பிவிடுவார். இலட்சுமிப்பிள்ளையை முன்வாங்கில், வலது கண்ணுக்குப் பலகை தெரிகிற பக்கமாய் இருத்தி எழுத்துப் படிப்பித்தார். அந்தக் குழி விழுந்த முகத்தை நாள்தோறும் காலையில் முதலில் பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகம் என்று ஆகிப்போனது. அம்மைப்பால் குத்த ஆள் வரும்போதெல்லாம் வாங்கில் முதலாளாய் அவர் உட்கார்வார், கையைத் தூக்குவார், ஊர் பார்க்கும். கச்சி முகம்மது கடைசிவரை அந்தப் பழைய கதையை எடுத்ததில்லை. "கைய உயத்துங்க, வாத்தியார்," என்பார், அவ்வளவுதான்.

நாற்பத்தாறாம் ஆண்டு கச்சி முகம்மது உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிவிட, அம்மைப்பால் குத்தப் புதிதாக ஒரு இளைஞன் வந்தான். காற்சட்டை போட்ட, உற்சாகமான பிள்ளை. நரைத்த தலையோடு பெரிய வாத்தியார் தானே முதலில் வந்து கையை நீட்டியதைக் கண்டு அவனுக்குப் புல்லரித்துவிட்டது.

"ஐயா, இந்த மாவட்டத்திலேயே இப்படியொரு தலைமை ஆசிரியரை நான் கண்டதில்லை!" என்றான். "புள்ளைகளுக்கு முதல் நீங்களே குத்திக்கொண்டு, காயும்வரைக்கும் தூக்கிக் காட்டுறீங்களே! நான் மேலிடத்துக்கு எழுதப் போறன். எல்லாப் பள்ளிக்கூடமும் இதைப் பார்த்துப் படிக்க வேணும்."

"எழுதாதீங்க, தம்பி," என்றார் வாத்தியார்.

"ஏன் ஐயா, இவ்வளவு தன்னடக்கம்?"

காரணத்தைச் சொல்ல அவர் வாயைத் திறந்தார். கை தானாகவே கொஞ்சம் கீழே இறங்கியது.

முன்வரிசையில் இலட்சுமிப்பிள்ளை நின்றாள். இருபத்தைந்து வயது, இடுப்பில் தலைப்பிள்ளை. கழுத்தைச் சரித்து, வலது கண்ணால் அவருடைய கையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் காயல்ல, வாத்தியார்," என்றாள். "கைய இறக்காதீங்க."

வாத்தியார் கையை உயர்த்தினார்.